அம்மா கையெழுத்துப் போட்ட பட்டியல்

என் அம்மா ஜானகி, பொம்மசந்திராவில் சலைன் குழாய் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்தாள். முதல் ஏழு வருடம் பேக்கிங் லைனில். மீதி டேட்டாபேஸில். இந்த ஆண்டு பிப்ரவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தாள். வயது ஐம்பத்திரண்டு.

இரங்கல் கூட்டத்தில் எல்லாரும் "நல்ல உழைப்பாளி" என்றார்கள். யார் செத்தாலும் சொல்வது அது. அவள் என்ன செய்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியும். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் பேக்கிங் லைனைச் சொல்ல வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து வந்த பெண்கள் அங்கே நிறையப் பேர். அம்மாவும் அப்படித்தான் வந்தாள், 1995இல். பேக்கிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பேட்ச் முடிந்து அடுத்த பேட்ச் தொடங்கும் முன் மேசையை முழுக்கக் காலி செய்ய வேண்டும். பழைய பேட்சின் ஒரு லேபிள், ஒரு மூடி, ஒரு துண்டுச் சீட்டுகூட மிஞ்சக் கூடாது. காலி செய்தவரே சரி என்று கையெழுத்துப் போட முடியாது. பக்கத்து மேசைக்காரர் வந்து, குனிந்து, மேசைக்கு அடியிலும் பார்த்த பிறகு போடுவார். லைன் கிளியரன்ஸ் என்று பெயர். அம்மா ஒரு நாளைக்கு ஆறு தடவை குனிவாள்.

1996இல் அவள் ஒரு தவறு செய்தாள். ஏற்றுமதி ஆர்டர், அவசரம். ஒரு மேசையில் நடப்பதை நாலு மேசையாகப் பிரித்தால் நாலு பங்கு வேகம் என்று யோசனை சொன்னது அம்மா. சூப்பர்வைசர் சாந்தகுமாரி மெச்சிக்கொண்டு ஒத்துக்கொண்டார். பெட்டிக்கு எண் குத்த ஒரு கை மெஷின் இருந்தது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் தானாக ஒன்று ஏறும். ஸ்டோரிலிருந்து இன்னும் மூன்று மெஷின் வாங்கி, மேசைக்கு ஒன்றாக வைத்தார்கள். நாலும் ஒன்றிலிருந்து தொடங்கின. சாயங்காலத்துக்குள் முதலாம் எண் பெட்டி நாலு. இருநூற்று நாற்பதாம் எண் பெட்டியும் நாலு.

"கை நாலு ஆயிடுச்சு, சரி. எண்ணும் நாலாடி ஆவும்?" என்று சாந்தகுமாரி லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினாராம். தொள்ளாயிரத்து அறுபது பெட்டிகளையும் பிரித்து மறுபடி கட்ட இரண்டு நாள் ஆயிற்று. வேகத்துக்கு ஆசைப்பட்ட ஆர்டர் ஒரு நாள் தாமதமாகப் போனது.

2002இல் பேட்ச் கார்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆள் தேடினார்கள். லைனில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்திருந்தது அம்மா மட்டும். அப்படி உள்ளே போனாள். ஏற்றியதைத் தேடக் கற்றாள். தேடுவது மெதுவாக இருந்ததால் டேட்டாபேஸ் கற்றாள். நான் இன்ஜினியரிங் படிக்கும்போது என் புத்தகங்களை எனக்கு முன்னால் முடித்தாள். ஆங்கிலத்தில் பேச மாட்டாள். படிப்பதைத் தமிழில் முணுமுணுப்பாள். 2014வாக்கில் தொழிற்சாலையின் டேட்டாபேஸ் அவள் பொறுப்பு.

இனி அந்த நாள். 2023 ஜூன், வியாழக்கிழமை.

அம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. வீட்டிலிருந்தே வேலை. வீட்டில் நாங்கள் இருவர்தான். நானும் அன்று வீட்டில் இருந்தேன். காலை பத்தரைக்கு உமேஷ் போன் செய்தார். உமேஷ் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டுத் தலைவர், மைசூர்க்காரர், அம்மாவிடம் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவார். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஜானகியவரே, பெரிய கஷ்ட. ஒரு லாட் பிளாஸ்டிக் குருணை கெட்டது. அதுல வார்த்த சொட்டுக் குப்பியில முடி மாதிரி விரிசல் வருது. காத்து உள்ள போகும்."

"எப்ப வந்த லாட்?"

"ரெண்டு வருஷம் முன்ன. ஒரேயடியா யூஸ் பண்ணல. மிச்சம் மிச்சமா, கிடைச்ச மெஷின்ல எல்லாம் போட்டிருக்காங்க. நாலு மணிக்கு எல்லா ஆஸ்பத்திரிக்கும் லிஸ்ட் போகணும். எந்தப் பெட்டின்னு கரெக்டா. நீங்க சைன் பண்ணணும்."

"இல்லன்னா?"

"இல்லன்னா ரெண்டு வருஷ மாலையும் நிறுத்தணும். டெங்கு சீசன், அம்மா. நாளைக்கு பாதி ஆஸ்பத்திரியில சலைன் ஏத்த குழாய் இருக்காது."

கூடுதலாகப் பட்டியலிட்டால் தட்டுப்பாடு. ஒரு பெட்டி விட்டுப்போனால் யாரோ ஒருவரின் நரம்பில் காற்று. இடையில் ஐந்தரை மணி நேரம்.

வந்து ஆபீஸில் உட்கார்ந்துவிடலாமா என்று அம்மா கேட்டாள். ஜன்னலைப் பார்த்துவிட்டு அவளே வேண்டாம் என்றாள். எங்கள் வீடு விவேக் நகரில். வியாழக்கிழமை அங்கே பூசை நாள். குழந்தை இயேசு கோயில் கூட்டம் தெருமுனை வரை நின்றது. ஆட்டோ வராது. அவளால் நடக்க முடியாது. ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்து லேப்டாப்பைத் திறந்தாள்.

ஸ்கேன் பதிவுகள் பதினோரு கோடி வரி. கெட்ட லாட், குழாய்களை அடுக்கும் எந்தத் தட்டுகளுக்குப் போனது, அந்தத் தட்டுகள் எந்தப் பெட்டிகளில் முடிந்தன என்று தேடும் குவெரி ஏற்கெனவே இருந்தது. அம்மா எழுதியது. அது ஆறு ஃபங்ஷன்களை அழைக்கும். ஃபங்ஷன் என்றால் டேட்டாபேஸுக்குள் நாமே எழுதி வைக்கும் சிறு வேலை: ஒரு வரியைக் கொடுத்தால் ஒரு பதிலைத் தரும். குவெரி முழுதாக ஓட பதினாலு மணி நேரம் ஆகும்.

ஏன் அவ்வளவு நேரம் என்பதற்குக் காரணம் எளிது. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் பெரிய வேலையை நாலைந்து வொர்க்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். நாம் எழுதிய ஃபங்ஷன் உள்ளே என்ன செய்கிறது என்று மட்டும் அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்ல வேண்டும். இதை எல்லா வொர்க்கரிடமும் கொடுக்கலாம் என்றால் 'சேஃப்'. தலைமை வொர்க்கர் மட்டும் செய்யட்டும் என்றால் 'ரெஸ்ட்ரிக்டட்'. இது இருந்தால் வேலையைப் பிரிக்கவே கூடாது என்றால் 'அன்சேஃப்'. ஒன்றும் சொல்லாவிட்டால் அன்சேஃப் என்றே எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலையில் இருநூற்றுப் பன்னிரண்டு ஃபங்ஷன்கள். எதற்கும் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அதனால் எப்போதும் ஒற்றை ஆள் வேலை. பிரித்த பங்கு மெமரியில் அடங்கும், மொத்தமாக எடுத்தால் அடங்காமல் டிஸ்க்குக்கும் மெமரிக்கும் அலையும் என்பதால், வித்தியாசம் நாலைந்து மடங்கோடு நிற்காது, முப்பது மடங்கு வரை போகும்.

இதைச் சரிசெய்யவென்றே கம்பெனி ஒப்பந்தத்தில் ஒருவரை வைத்திருந்தது. பரத், இருபத்தேழு வயது, ஈரோட்டுக்காரர். கெட்டிக்காரர். அம்மா லாகின் செய்வதற்குள் நகல் டேட்டாபேஸில் வேலையைத் தொடங்கியிருந்தார். பதினொன்றரைக்கு வீடியோவில் வந்தார்.

"மேடம், முடிஞ்சுது. இருபத்தாறு நிமிஷம். ஆயிரத்து இருநூத்தி எழுபத்து நாலு பெட்டி."

"என்ன பண்ணே தம்பி?"

"எல்லா ஃபங்ஷனையும் சேஃப்னு மாத்துற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட். இருநூத்திப் பன்னெண்டும் ரெண்டு செகண்ட்."

"எல்லாத்தயும் படிச்சியா?"

"படிக்கவா?" சிரித்தார். "தப்பு இருந்தா எரர் வரும் மேடம். வந்துச்சு. ஒரு ஃபங்ஷன் டெம்பரரி டேபிளைத் தொடுது, அத வொர்க்கர் தொட முடியாதுன்னு கத்துச்சு. அத மட்டும் ரெஸ்ட்ரிக்டட் ஆக்கினேன். அப்புறம் சத்தமே இல்ல. க்ளீன்."

உமேஷ் அழைப்பில் இருந்தார். "சூப்பர். அனுப்பிடலாமா?"

"கத்துனது சரி," என்றாள் அம்மா. "கத்தாதது எத்தன இருக்கு? இன்னொரு தடவ ஓட்டுப்பா."

"அதே குவெரிதான் மேடம்."

"தெரியுது. எனக்குக் காலு ஒடஞ்சிருக்கு, வேற பொழுதுபோக்கு இல்ல. ஓட்டு."

பன்னிரண்டுக்கு இரண்டாவது பதில் வந்தது. ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. பரத், யாரும் கேட்காமலே மூன்றாம் தடவை ஓட்டினார். ஆயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு.

டேட்டா மாறவில்லை. கேள்வி மாறவில்லை. மூன்று பதில். எரர் ஒன்றுகூட இல்லை.

உமேஷ் முதலில் பேசினார். "மூனையும் சேர்த்து அனுப்பினா?"

"மூனு தப்பச் சேத்தா ஒரு சரி ஆவுமா சார்?" என்றாள் அம்மா. "எனக்கு ரெண்டு மணி நேரம் குடுங்க. அதுவரைக்கும் யாரும் போன் பண்ணாதீங்க. நீங்களுந்தான்."

ஆறு ஃபங்ஷன்களையும் பிரிண்ட் எடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். சாப்பாட்டு மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றாகத் தமிழில் முணுமுணுத்துப் படித்தாள். பரத்தை அழைப்பிலேயே இருக்கச் சொன்னாள்.

"இது ஷிஃப்ட் கணக்கு. நேரத்தக் குடுத்தா ஷிஃப்ட் நம்பர் சொல்லுது. ஏதாவது எழுதுதா?"

"இல்ல மேடம்."

"ஒரு வரி முடிஞ்சு அடுத்த வரிக்குப் போறப்ப மேசையில எதயாச்சும் விட்டுட்டுப் போவுதா?"

"புரியல."

"போன வரியப் பத்தி இதுக்கு ஏதாவது ஞாபகம் இருக்கான்னு கேக்கறேன்."

"இல்ல."

"அப்ப இது நல்ல பொண்ணு. சேஃப். நீ கையெழுத்துப் போடு."

"நானா? நீங்கதானே பார்த்தீங்க?"

"பாத்தவ போடக் கூடாது. நீ குனிஞ்சு பாத்துட்டுப் போடு."

பரத் தன் பக்கத்தில் திறந்து படித்துவிட்டு, ஃபங்ஷனின் குறிப்பில் தன் பெயரை எழுதினார். அப்படி நாலு ஃபங்ஷன் தேறின. ஐந்தாவது டெம்பரரி டேபிளைத் தொடுவது. ரெஸ்ட்ரிக்டட் என்று பரத் போட்டது சரி என்றாள். ஆறாவது தாளை இரண்டு தடவை படித்தாள்.

"டேய் கவினு, தண்ணி குடு," என்றாள் என்னிடம். குடித்தாள். பிறகு ஸ்கிரீனைப் பார்த்து, "தம்பி, திருடன் ஆப்டுட்டான். 2014ல நான் எழுதினது," என்றாள்.

அந்த ஃபங்ஷன் பேக்கிங் லைனின் பழக்கத்திலிருந்து பிறந்தது. லைனில் பெட்டியைத் திறக்கும்போது மட்டும்தான் பெட்டி எண்ணை ஸ்கேன் செய்வார்கள். பிறகு உள்ளே வைக்கும் தட்டுகளுக்குத் தட்டு எண் மட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டியை மறுபடி ஸ்கேன் செய்ய யாருக்கும் கை ஒழியாது. அம்மா அதே லைனில் நின்றவள். அவர்களிடம் கூடுதல் வேலை கேட்க மனம் வரவில்லை. ஃபங்ஷனைப் பைத்தானில் எழுதி, ஒவ்வொரு லைனிலும் கடைசியாகத் திறந்த பெட்டி எது என்பதை அதன் ஞாபகத்தில் வைக்கும்படி செய்தாள். தட்டு வந்தால் ஞாபகத்திலிருக்கும் பெட்டியைச் சொல்லும். வரிகள் வரிசையாக ஒரே கையில் வரும்வரை அது ஒருநாளும் தவறியதில்லை.

நாலு வொர்க்கர் என்றால் நாலு ஞாபகம். பெட்டி திறந்த வரி ஒருவனிடம் போகும். அதன் தட்டுகள் அடுத்தவனிடம் போகும். அவன் தனக்குத் தெரிந்த பழைய பெட்டியைச் சொல்வான், முழு நம்பிக்கையோடு. எந்த வரி யாரிடம் போகும் என்பது ஒவ்வொரு தடவையும் மாறும். அதனால்தான் மூன்று பதில்.

அம்மா பரத்திடம் எண் குத்தும் மெஷின் கதையைச் சொன்னாள். சாந்தகுமாரி கத்தியதையும் அதே குரலில் நடித்துக் காட்டினாள். பரத் சிரித்தார். மூன்று பதில் வந்ததிலிருந்து அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போனது.

"மேடம், அப்ப இத அன்சேஃப்னு விட்டுடலாமா?"

"விட்டா பதினாலு மணி நேரம். நமக்கு இருக்கறது மூனே கால்."

"பின்ன?"

"ஞாபகத்த இவன் தலையிலேர்ந்து எடுத்து மேசையில வெக்கணும். எல்லாரும் பாக்கற மாதிரி."

எழுதத் தொடங்கினாள். முதலில் பெட்டி திறந்த வரிகளை மட்டும் பொறுக்கினாள். அது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அதிலிருந்து ஒரு சாதாரண டேபிள்: எந்த லைன், எந்தப் பெட்டி, எப்போது திறந்தது, அடுத்த பெட்டி எப்போது திறந்தது. இனி ஒரு தட்டு வந்தால் ஃபங்ஷன் எதையும் நினைவில் வைக்க வேண்டாம். தட்டின் நேரம் எந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் விழுகிறது என்று டேபிளைப் பார்த்துச் சொன்னால் போதும். எழுதுவது இல்லை, நினைப்பது இல்லை, படிப்பது மட்டும். எந்த வொர்க்கர் எந்த வரியை எப்போது எடுத்தாலும் ஒரே பதில்.

நானும் டேட்டாபேஸில் வேலை செய்பவன்தான். இரண்டு வரி யோசனை சொன்னேன். ஒன்றை எடுத்துக்கொண்டாள். இன்னொன்றுக்கு, "போய் சாதம் வெய்யி," என்றாள்.

ஒன்றே முக்காலுக்கு எழுதி முடித்தாள். பரத் அதைப் படிக்க இருபது நிமிடம் எடுத்தார். ஒரு குறை கண்டுபிடித்தார்: ஷிஃப்ட் கடைசியில் திறந்த பெட்டிக்கு அடுத்த பெட்டியே இல்லாமல் போகலாம். அம்மா மேசையைத் தட்டினாள். "இதுக்குத்தான் ரெண்டாவது ஆளு!" திருத்தினாள். பரத் தன் பெயரைப் போட்டார்.

பிறகு ஒரு மாதத்துப் பதிவுகளை எடுத்தார்கள். பழைய ஃபங்ஷன் ஒற்றை வொர்க்கரில், புதியது நாலு வொர்க்கரில். நாற்பத்தாறு லட்சம் வரி. வித்தியாசம் பூஜ்யம்.

இரண்டு முப்பத்தைந்துக்கு முழுக் குவெரி தொடங்கியது. இருபத்தொன்பது நிமிடம். ஆயிரத்து முந்நூற்று ஒன்பது பெட்டி.

உமேஷ் போன் செய்தார். "ஆயித்தா, முடிஞ்சுதா ஜானகியவரே? அனுப்பலாமா?"

"இன்னொரு தடவ ஓடணும் சார்."

"அய்யோ, மூனு அஞ்சு ஆயிடுச்சு! நாலு மணின்னா நாலு மணி!"

"அரை மணியில வந்துடும். ஒரே பதில் ரெண்டு தடவ வந்தாத்தான் அது பதில். நீங்க அதுக்குள்ள ஒரு காபி குடிங்க."

"நீங்க என்னைக் கொல்றீங்க அம்மா."

"உங்கள கொன்னா யாரு லிஸ்ட அனுப்பறது?"

இந்த முறை வொர்க்கர்களை இரண்டாகக் குறைத்து ஓட்டலாமா என்று பரத் கேட்டார். நேரம் போதாது என்றாள். எட்டாகக் கூட்டினார்கள். அவ்வளவு பேர் கலைத்துப் போட்டாலும் பதில் அசையக் கூடாது. பத்தொன்பது நிமிடம். அந்தப் பத்தொன்பது நிமிடமும் அம்மா ஸ்கிரீனைப் பார்க்கவில்லை. மாவுக்கட்டுக்குள் ஸ்கேலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள்.

ஆயிரத்து முந்நூற்று ஒன்பது. பெட்டி எண்களும் ஒன்றுக்கொன்று அப்படியே.

பரத் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். வீடியோவில் அவருடைய பெல்ட் மட்டும் தெரிந்தது. "மேடம்! மேடம்!" என்று அந்தப் பெல்ட் கத்தியது. மூன்று முப்பத்தேழுக்கு அம்மா கையெழுத்துப் போட்டாள். கீழே பரத்தின் பெயரையும் சேர்க்கச் சொன்னாள். மூன்று நாற்பதுக்குப் பட்டியல் போனது.

சாப்பிட உட்கார்ந்தாள். சாதம் குழைந்திருந்தது. அதைச் சொல்லிக் காட்டினாள்.

பெட்டிகளைத் திரும்பப் பெறும் வேலை பன்னிரண்டு நாள் நடந்தது. நானூற்று இரண்டு பெட்டி கோடவுனிலேயே இருந்தது. அறுநூற்று எண்பத்தெட்டு விநியோகஸ்தர்களிடம். இருநூற்றுப் பத்தொன்பது ஆஸ்பத்திரிகளில். சில பெட்டிகள் பாதி பயன்பட்டிருந்தன. ஆஸ்பத்திரிகள் அந்த நோயாளிகளைத் தேடிப் பார்த்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த லாட் குப்பிகள் நீல விளக்கின் கீழ் லேசாக மஞ்சள் காட்டும். திரும்பி வந்த ஒவ்வொரு பெட்டியையும் திறந்து விளக்கில் பார்த்தார்கள். பட்டியலில் இல்லாத பெட்டிகளிலும் ஐந்நூறை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒன்றில்கூட மஞ்சள் இல்லை.

பரத் தன் முதல் பட்டியலைத் தானே ஒப்பிட்டார். யாரும் கேட்கவில்லை. கெட்ட பெட்டிகளில் அறுபத்தொன்று அதில் இல்லை. நல்ல பெட்டிகள் இருபத்தாறு இருந்தன. அந்த எண்களை அம்மாவுக்கு அனுப்பி, கீழே எழுதினார்: "மீதி இருநூத்தி ஆறையும் உங்களோட உட்கார்ந்து படிக்கணும் மேடம்." அம்மா பதில் அனுப்பினாள்: "நாளைக்கு ஒம்போது மணி. லேட்டா வந்தா இருநூத்தி ஆறயும் நீயே படி." ஐந்து மாதத்தில் படித்து முடித்தார்கள். நூற்று எழுபத்து மூன்று சேஃப் ஆனது. ஒவ்வொன்றிலும் இரண்டு பெயர் இருக்கிறது.

கடைசிப் பெட்டி கொப்பள் பக்கம் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் இருந்தது. அதை மட்டும் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் மத்தியானம் உமேஷ் போன் செய்தார். பின்னால் ஒரே சத்தம்.

"முகித்து, முடிஞ்சுது ஜானகியவரே! கடைசிப் பெட்டி விளக்குக்கு அடியில இருக்கு. மஞ்சளோ மஞ்சள். ஆயிரத்து முந்நூத்தி ஒன்பது வந்தாச்சு, ஆயிரத்து முந்நூத்தி ஒன்பதும் கெட்டது. ஒன்னு கம்மி இல்ல, ஒன்னு ஜாஸ்தி இல்ல!"

"நெஜமா சார்?"

"பேக்கிங் லைன்ல நிக்கறேன். எல்லாரும் இருக்காங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். ரெண்டு வார்த்தை மாத்தாடி, பேசுங்க."

அம்மா தொண்டையைச் செருமினாள். நாற்பது ஐம்பது பெண்கள் அந்தப் பக்கம் காத்திருந்தார்கள்.

"எல்லாரும் சாப்டீங்களா?" என்றாள். "இனிமே பெட்டி தொறக்கறப்ப ஸ்கேன் பண்ண மறந்துடாதீங்கடி. அந்த ஒரு ஸ்கேன வெச்சுத்தான் இத்தனயும் கண்டுபுடிச்சோம். நீங்க பண்ணதுதான் இது."

கைதட்டல் போனுக்குள் அடங்காமல் கரகரத்தது. யாரோ விசில் அடித்தார்கள். அம்மா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்து, என்னைப் பார்த்து, வாயைத் திறந்து சத்தமாகச் சிரித்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. ரெக்கார்ட் செய்ய எனக்குத் தோன்றவில்லை. நானும் சிரித்துக்கொண்டிருந்தேன்.